செம்பொன் பத்தா, செம்பு ஒன்பதா?

தொல்காப்பிய உரைகாரர்கள் மாணவருக்குக் காட்டும் பழைய எடுத்துக்காட்டு ஒன்று உண்டு: செம்பொன்பதின்றொடி. தொடி என்பது அக்காலத்து எடை அளவு. இத்தொடரைச் 'செம்பொன் பதின் தொடி' என்று பிரித்தால் பத்துத் தொடி பொன். 'செம்பு ஒன்பதின் தொடி' என்று பிரித்தால் ஒன்பது தொடி செம்பு. எழுத்து ஒன்றுகூட மாறவில்லை. நிறுத்தும் இடம் மாறியதும் பொன் செம்பாகிவிட்டது. 'குன்றேறாமா' என்பதும் இவ்வாறே. 'குன்று ஏறு ஆமா' என்றால் மலையில் ஏறுகின்ற காட்டுப்பசு. 'குன்று ஏறா மா' என்றால் மலையில் ஏறாத விலங்கு.

இந்த ஐயத்திற்கு இலக்கண நூலார் சொன்ன தீர்வு எளிதானது. சொல்லும்போது ஓசையால் வேறுபடுத்திக் காட்டுக என்றார்கள். சொல்பவன் எதிரில் இருக்கும்வரை அது போதுமான தீர்வே. சொல்பவன் இல்லாமல் எழுத்து மட்டும் நம் கையில் இருந்தால் என்ன செய்வது? இக்கேள்விக்கு விடை தேடிய வரலாற்றில் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. அதே கேள்வியைக் கணினி நிரல் எழுதுவோரும் இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் எதிர்கொண்டனர். நிரலை அச்சிட்டுப் படிக்கத்தக்க வடிவில் அழகாக ஒழுங்கு செய்வதற்கென்றே தனிக்கலை ஒன்றை அவர்கள் வளர்த்தனர். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஏடு யாருக்காக எழுதப்பட்டது?

பனையோலைச் சுவடியைப் பார்த்திராத இளைய வாசகர்களுக்காகச் சிலவற்றைச் சொல்லவேண்டும். ஓலை நீளமானது, அகலம் குறைந்தது. எழுத்தாணியால் கீறிய வரிகள் ஓலையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை இடைவிடாமல் ஓடும். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே வெளி கிடையாது. மெய்யெழுத்துகளுக்குப் பெரும்பாலும் புள்ளி இராது. புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்பர். எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வேறுபாடு காட்டும் வழக்கம் இல்லை. காலும் ரகரமும் ஒன்றுபோலவே தோன்றும். செய்யுளை அடியடியாக மடக்கி எழுதும் வழக்கமும் இல்லை. வெண்பாவும் விருத்தமும் உரைநடைபோலவே ஓடும். பாட்டு முடிந்ததைக் காட்டுவது ஓர் எண்ணோ சிறு குறியோதான். மூலமும் உரையும் சேர்ந்த ஏடாயின், மூலம் எங்கே முடிந்து உரை எங்கே தொடங்குகிறது என்பதையும், உரையாசிரியர் எடுத்தாண்ட மேற்கோள் எங்கே முடிகிறது என்பதையும் படிப்பவனே கண்டுபிடிக்கவேண்டும்.

இதனைக் குறையென்று நாம் இன்று சொல்லலாம். அன்றைய கல்வி முறையில் இது குறையன்று. ஏடு என்பது மாணவன் தனியே இருந்து படிப்பதற்கான பொருளாக இருக்கவில்லை. பாடம் சொல்லும் ஆசிரியர் எதிரில் இருந்தார். எங்கே நிறுத்துவது, எங்கே பிரிப்பது, எது மூலம், எது உரை என்பவை அவருடைய குரலில் இருந்தன. மாணவன் அவற்றைக் கேட்டு மனனஞ் செய்தான். ஏடு மறதிக்கு மருந்தாக மட்டும் இருந்தது. ஆகவே ஏட்டில் எழுதியவர் இடைவெளிக்காக ஓலையைச் செலவிடவில்லை.

அச்சு வந்தபோது இந்த ஏற்பாடு குலைந்தது. ஐந்நூறு பிரதி அச்சிட்டால் ஐந்நூறு பேர் வாங்குவர். அவர்களுடன் ஐந்நூறு ஆசிரியர்களை அனுப்ப முடியாது. ஆசிரியரின் குரலில் இருந்தவற்றை இனித் தாளிலேயே காட்டவேண்டும். சொல்லிடை வெளி, பத்தி, காற்புள்ளி, முற்றுப்புள்ளி, அடி மடக்கு, பெரிய எழுத்து, சிறிய எழுத்து ஆகிய யாவும் அந்தக் குரலுக்குப் பதிலாக வந்தவை என்றே நான் கருதுகிறேன். அவற்றை வெறும் அலங்காரம் என்று கொள்வது தவறு.

மானிப்பாய் அச்சுக்கூடம்

அமெரிக்க மிசனரிமார் 1816இல் யாழ்ப்பாணம் வந்து தெல்லிப்பழையில் பணி தொடங்கினர். 1820இல் அவர்களுக்கென ஜேம்ஸ் கரெற் என்ற அச்சாளர் வந்து சேர்ந்தார். ஆனால் அன்றைய ஆங்கில ஆட்சியாளர் அவர் இங்கு தங்க இடங்கொடுக்கவில்லை. அமெரிக்க மிசனுக்கென வந்த அச்சுப்பொறி நல்லூரிலிருந்த சர்ச் மிசனரிமாரின் கைக்குப் போயிற்று. 1834இல் ஈஸ்ற்மன் ஸ்ரோங் மைனர் என்ற அச்சாளர் வந்தபின் மானிப்பாயில் அமெரிக்க மிசன் அச்சுக்கூடம் நிலைபெற்றது. 1841 சனவரியில் 'உதயதாரகை' அங்கிருந்து வெளிவந்தது. தமிழும் ஆங்கிலமும் கலந்து வந்த அப்பத்திரிகையின் முதல் ஆசிரியர்கள் ஹென்றி மாட்டினும் சேத் பேசனும் ஆவர். பெயர் அவ்வாறிருப்பினும் இருவரும் தமிழர்களே.

1842இல் மானிப்பாய் அகராதி வெளியாயிற்று. இதில் 58,000க்கும் மேற்பட்ட சொற்கள் இருந்தன. இந்நூலின் சொற்றொகையைப் பலரும் புகழ்ந்திருக்கிறார்கள். அதன் பக்க ஒழுங்கும் அதேயளவு கவனிக்கத்தக்கது. அதுவரை நம்மவர் சொற்பொருள் கற்றது நிகண்டு வழியாக. நிகண்டு செய்யுளாய் இருந்தது. மனனம் செய்தவனுக்கே பயன்பட்டது. வீரமாமுனிவர் 1732இல் சதுரகராதியில் சொற்களை அகரவரிசையில் நிறுத்தினார். மானிப்பாய் அகராதி அவ்வழியில் சென்று, ஒவ்வொரு சொல்லும் தனி வரியில் தலைகாட்ட, பொருள் அதனைத் தொடர, மனனம் செய்யாதவனும் தேடிக் கண்டடையும் வண்ணம் அச்சில் அமைந்தது. ஒரு பொருளைத் தேடும் வேலையை நினைவிலிருந்து கண்ணுக்கு மாற்றியது பக்கத்தின் அமைப்பு.

வட்டுக்கோட்டைச் செமினரி 1823இல் தொடங்கி 1855வரை நடந்தது. அங்கு கற்ற சுதுமலை விசுவநாதபிள்ளையின் 'வீசகணிதம்' 1855இல் அச்சாகியது. மானிப்பாயில் வைத்தியர் சாமுவேல் கிறீன் மேலை மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கினார். சமன்பாடுகளும் உறுப்புகளின் பட்டியல்களும் உரைநடைபோல ஓடினால் யாருக்கும் விளங்கா. அவற்றைத் தமிழில் அடுக்கவேண்டிய தேவை யாழ்ப்பாணத்து அச்சுக்கோப்பாளர்களுக்கு நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன்னரே வந்துவிட்டது.

நாவலர் வாங்கிய யந்திரம்

நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879) யாழ்ப்பாணத்து வெஸ்லியன் பாடசாலையில் கற்றுப் பின் அங்கேயே கற்பித்தார். பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணை நின்றார். அந்த வேலையில் அவர் கற்றவை பல. அச்சிடப்போகும் வசனத்தில் எங்கே வாக்கியம் முடிகிறது, எங்கே தொடர் நிற்கிறது என்பதை ஒவ்வொரு வரியிலும் தீர்மானித்தாக வேண்டும் என்பது அவற்றுள் ஒன்றாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம். 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். 1849இல் அச்சியந்திரம் வாங்கச் சென்னைக்குப் பயணமானார். அப்பயணத்தில்தான் திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு 'நாவலர்' பட்டம் அளித்தது. திரும்பி வந்து வண்ணார்பண்ணையில் வித்தியாநுபாலன யந்திரசாலையைத் தொடங்கினார்.

புலவர் ஒருவர் தாமே அச்சுப்பொறி வாங்குவது அக்காலத்தில் சாதாரண காரியமன்று. சமயவாதத்தில் மிசனரிமாருக்கு ஈடுகொடுக்க அவருக்கு அச்சு தேவைப்பட்டது என்பது எல்லோரும் அறிந்த காரணம். அதனோடு, தம் நூல் எவ்வடிவில் வாசகன் கையை அடையவேண்டும் என்பதை வேறொருவர் தீர்மானிக்க அவர் விரும்பவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நாவலர் பதிப்பு என்றால் பிழையற்ற பதிப்பு என்ற பெயர் இன்றளவும் நிற்பது இதனால்தான்.

காற்புள்ளி, அரைப்புள்ளி, முக்காற்புள்ளி, முற்றுப்புள்ளி, வினாக்குறி, உணர்ச்சிக்குறி ஆகியவை பாதிரிமாரின் நூல்களில் முன்பே தலைகாட்டியவை. அவற்றைச் சைவ நூல்களுக்கும் பழைய உரைகளுக்கும் கொண்டுவந்து தமிழ் வசனத்தின் இயல்பான உறுப்புகளாக்கியவர் நாவலர். 1852இல் வெளியிட்ட பெரியபுராண வசனத்தின் முகவுரையில் தாம் செய்ததை அவரே விளக்குகிறார். கல்வியறிவு குறைந்தவர்களும் எளிதில் வாசிக்கவேண்டும், அறிந்தவர் வாசிக்க மற்றவர்கள் கேட்டு உணரவேண்டும், அதற்காகவே பெரும்பாலும் சந்திவிகாரங்களை நீக்கி அச்சிட்டேன் என்பது அவர் கூற்றின் சாரம். சந்தியைப் பிரித்து அச்சிடுவது இலக்கணம் அறியாதவர் செயல் என்று பண்டிதர் பலர் எண்ணியிருக்கக்கூடிய காலம் அது. இலக்கணத்தில் அவரைக் குறைசொல்ல எவருக்கும் துணிவில்லை. எனவே அவர் பிரித்தது செல்லுபடியாயிற்று.

ஒன்றை இங்கே கவனிக்கவேண்டும். பாலபாடத்திற்கு ஒரு நடை, பெரியவர்களுக்கான வசனத்திற்கு ஒரு நடை, இலக்கண உரைகளுக்கு ஒரு நடை என்று அவர் வேறுபடுத்தினார். சிறுவருக்கு அதிகம் பிரித்தும், கற்றவருக்குக் குறைவாகப் பிரித்தும் கொடுத்தார். எவ்வளவு பிரிப்பது என்பதை வாசகனைப் பார்த்துத் தீர்மானிக்கவேண்டும் என்பது அதில் அடங்கிய கொள்கை.

சிறுப்பிட்டித் தாமோதரம்பிள்ளை

நாவலர் பெரும்பாலும் வழக்கில் இருந்த நூல்களைத் திருத்தமாக அச்சிட்டார். சிறுப்பிட்டி சி.வை. தாமோதரம்பிள்ளை (1832–1901) முன்னின்ற வேலை இன்னுங் கடினமானது. வட்டுக்கோட்டையில் கற்று, 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவரானவர் அவர். மற்றவர் மேலே சொன்ன விசுவநாதபிள்ளை. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையுடன் நாவலர் பரிசோதிக்க 1868இல் வெளியிட்டார். பின் வீரசோழியம் (1881), இறையனார் களவியலுரை (1883), தொல்காப்பியப் பொருளதிகாரம் (1885), கலித்தொகை (1887), சூளாமணி (1889) என்று தொடர்ந்தார். எட்டுத்தொகை நூல்களுள் முதலில் அச்சேறியது அவருடைய கலித்தொகையே.

அவருக்குக் கிடைத்த ஏடுகளின் நிலையைப் பதிப்புரைகளில் அவர் சொல்வதைப் படித்தால் மனம் கலங்கும். எடுக்கும்போது ஓரம் ஒடிந்தது, கட்டை அவிழ்க்கையில் இதழ் முறிந்தது, புரட்டுகையில் துண்டு துண்டாகியது என்று அவர் எழுதுகிறார். அத்தகைய ஏட்டில் இடைவெளியின்றி ஓடும் வரிகளை எடுத்து, இது சூத்திரம், இது உரை, இது மேற்கோள் என்று வகுத்து, சூத்திரத்தை அடியடியாக மடக்கி, எண் கொடுத்து, உரையைப் பிரித்துக் காட்டவேண்டும். அவ்வாறு ஒவ்வொரு முறை மடக்கும்போதும் அவர் ஒரு முடிவு எடுக்கிறார். அம்முடிவு தவறானால் பொன் செம்பாகிவிடும்; பின்னர் வருபவன் ஏட்டைக் காணாமல் அச்சை மட்டும் நம்புவான். அக்காலத்தில் அவரும், 1887இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையரும் சுமந்த பொறுப்பு இது. பல ஏடுகளை ஒப்பிட்டுப் பாடபேதங்களைக் குறித்து வைக்கும் வழக்கம் இப்பொறுப்புணர்ச்சியிலிருந்து பிறந்ததே.

கணினியும் ஓர் ஓலைச் சுவடிதான்

இனிக் கணினிக்கு வருவோம். ஐ.பி.எம். நிறுவனம் 1957இல் வெளியிட்ட போர்ட்ரான் மொழியில் ஒரு விசித்திரம் இருந்தது. எழுதுபவர் விடும் இடைவெளியை அது பொருட்படுத்துவதில்லை. 'டூ 10 ஐ = 1,10' என்று எழுதினால், 10 என்று எண்ணிட்ட வரிவரை உள்ளவற்றை, ஐ என்பது ஒன்றிலிருந்து பத்தாகும்வரை திரும்பத் திரும்பச் செய் என்று பொருள். அந்தக் காற்புள்ளி தவறி முற்றுப்புள்ளியானால் 'டூ10ஐ' என்ற பெயருடைய புதிய மாறிக்கு 1.10 என்ற மதிப்பைக் கொடு என்று கணினி பொருள் கொள்ளும்; எதிர்ப்பின்றி அதைச் செய்தும் முடிக்கும். செம்பொன்பதின்றொடியை நினைத்துக்கொள்ளுங்கள். இடைவெளி இல்லாத எழுத்துத்தொடர், படிப்பவனை எங்கே கொண்டு விடும் என்பதற்குத் தொல்காப்பியரின் காலமும் போர்ட்ரானின் காலமும் ஒன்றே.

பின்வந்த மொழிகள் பலவற்றிலும் நிலை இதுவே: சொற்கள் ஒட்டிக்கொள்ளாத அளவுக்கு வெளி இருந்தால் போதும், நிரல் முழுவதையும் ஒரே வரியில் எழுதினாலும் கணினிக்குக் கவலையில்லை. மனிதனுக்கோ தலை சுற்றும். லிஸ்ப் என்ற மொழி அடைப்புக்குறிகளால் ஆனது. எந்த அடைப்பு எதனுடன் சேரும் என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடு. ஆகவே 1960களிலேயே, நிரலைப் படித்து, உட்பிரிவுகளை உள்தள்ளி, வரிகளைத் தக்க இடத்தில் மடக்கி அச்சிட்டுத் தரும் துணை நிரல்கள் தோன்றின. நிரல் எழுதுவோர் அன்று வரி அச்சுப்பொறியில் மடிப்பு மடிப்பாக வரும் தாளை மேசையில் விரித்து வைத்துப் பிழை தேடினர். அத்தாளில் நிரல் எவ்வாறு விழுகிறது என்பது அவர்களின் வேலை நேரத்தையே தீர்மானித்தது. குறித்த அகலமுள்ள பக்கத்தில் எங்கெங்கே வரியை முறிக்கலாம் என்பதற்கு டெரெக் ஒப்பன் என்பவர் 1980இல் ஒரு வழிமுறையை வகுத்து வெளியிட்டார். இத்துறையின் அடிப்படைக் கட்டுரைகளில் அதுவும் ஒன்று.

அல்கோல் 60 மொழியை வகுத்தவர்கள் இன்னும் முன்யோசனையுடன் நடந்துகொண்டனர். ஒரே மொழிக்கு மூன்று வடிவங்களை அவர்களின் அறிக்கை ஏற்றது: வரையறைக்கான வடிவம், நூல்களில் அச்சிட்டு வெளியிடுவதற்கான வடிவம், இயந்திரத்துக்குள் இடுவதற்கான வடிவம். மனிதன் படிப்பதும் பொறி படிப்பதும் ஒரே தோற்றத்தில் இருக்கவேண்டியதில்லை என்பதை அவர்கள் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டனர்.

இந்த வரிசையில் நாவலரை எனக்கு நினைவூட்டுபவர் டொனால்ட் கனூத். ஸ்ரான்போட் பல்கலைக்கழகப் பேராசிரியரான இவர் 1977இல் தமது நூலொன்றின் புதிய பதிப்புக்கான அச்சுப்படிகளைப் பார்த்தார். கணித வரிகள் அழகு கெட்டிருந்தன. வேறொருவராயின் பதிப்பாளருக்குக் கடிதம் எழுதியிருப்பார். இவர் தம் எழுத்து வேலையை நிறுத்திவைத்து, 'டெக்' என்ற அச்சுக்கோப்பு முறையைத் தாமே ஆக்கினார். 1984இல் நிரலையும் விளக்கத்தையும் ஒன்றாகவே எழுதும் முறை பற்றிக் கட்டுரை வெளியிட்டார். அதன்படி எழுதிய ஒரே கோப்பிலிருந்து இரண்டு வெளிப்பாடுகள் வரும். ஒன்று கணினிக்கானது: இடைவெளியெல்லாம் நீங்கி, நெருக்கி அடைத்து, மனிதன் படிக்கவியலாத வடிவம். இதை ஆக்கும் கருவிக்குச் 'சிக்கலாக்கி' என்ற பொருள்படப் பெயரிட்டார். மற்றது மனிதனுக்கானது: தலைப்பு, விளக்கவுரை, தடித்த எழுத்து, உள்தள்ளல், பொருளட்டவணை அனைத்துடனும் அழகாக அச்சாகும் நூல். இக்கருவியின் பெயர் 'நெசவு'. டெக் முறையின் நிரல் முழுவதும் 1986இல் புத்தகமாகவே வெளிவந்தது.

நன்னூல் பாயிரத்தில் சொல்லைப் பஞ்சாகவும், புலவன் மதியைக் கதிராகவும் கொண்டு நூல் நூற்கப்படுவதாக வரும் உவமையைக் கற்ற தமிழனுக்கு, நெசவு என்ற பெயர் அந்நியமாகத் தோன்றாது. மூலமும் உரையும் என்ற நம் பழைய ஏற்பாட்டையே அவர் வேறு வழியில் வந்தடைந்தார்.

ஒற்றுமை முடியும் இடம்

ஒப்பீட்டை எல்லை கடந்து இழுக்கக்கூடாது. நிரலை அழகுபடுத்தும் கருவி, அந்த மொழியின் இலக்கணம் முழுவதையும் ஐயமின்றி அறிந்தது. அது வரியை எங்கே முறித்தாலும் பொருள் மாறாது. தாமோதரம்பிள்ளைக்கு அந்த நிச்சயம் கிடைக்கவில்லை. ஏட்டிலுள்ள தொடர் இரண்டு விதமாகப் பிரியும் இடங்களில், எது கவியின் கருத்து என்பதை உரையாலும் வழக்காலும் ஊகிக்கவேண்டும். அவருடைய இடைவெளி ஒவ்வொன்றும் ஓர் உரை.

கணினி உலகிலும் தோற்றம் பொய்சொல்வதுண்டு. 2014 பெப்ரவரியில் அப்பிள் நிறுவனத்தின் பாதுகாப்பு நிரலில் ஒரு குறை வெளிப்பட்டது. ஒரு நிபந்தனைக்குக் கீழே இருக்கவேண்டிய கட்டளை வரி இரண்டு முறை எழுதப்பட்டிருந்தது. இரண்டாவது வரியும் அழகாக உள்தள்ளப்பட்டிருந்ததால், பார்ப்பவர் கண்ணுக்கு அதுவும் நிபந்தனைக்கு உட்பட்டதுபோலவே தோன்றியது. கணினியோ உள்தள்ளலைப் பார்ப்பதில்லை. எவ்விதச் சோதனையுமின்றி ஒவ்வொரு முறையும் அந்த வரியை நிறைவேற்றிற்று. அதனால் இணையத் தொடர்பின் சான்றைச் சரிபார்க்கும் படி தாண்டப்பட்டது. ஒழுங்காகத் தோன்றும் தவறான பக்கம், ஒழுங்கற்ற பக்கத்தைவிட ஆபத்தானது. ஏனெனில் அதை எவரும் ஐயுறுவதில்லை. 1991இல் வெளிவந்த பைதான் மொழி உள்தள்ளலுக்கே பொருள் கொடுத்து, கண் காண்பதும் கணினி காண்பதும் ஒன்றாகும்படி செய்தது.

கொப்பித் தாளில் வந்த பத்திரிகை

பக்கத்தின் வெள்ளைக்கு என்ன விலை என்பதை எங்கள் தலைமுறைப் பத்திரிகையாளர் நடைமுறையில் கற்றோம். 1990இல் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையில் அச்சுத்தாளும் அகப்பட்டது. நாளிதழ்கள் பக்கத்தைக் குறைத்தன. கோடிட்ட கொப்பித் தாளிலும் அச்சாகின. இடம் போதாதபோது ஆசிரியபீடத்தில் முதலில் கைவைப்பது வெள்ளையில்தான். பத்திகளுக்கு இடையிலுள்ள வெளி போகும். பின் தலைப்பு சிறுக்கும். பின் எழுத்து சிறுக்கும். செய்தியில் ஒரு சொல்லையும் விடவில்லை என்ற திருப்தி எங்களுக்கு.

நான் பணியாற்றிய இடத்தில் முதிய ஒப்புநோக்குநர் ஒருவர் இருந்தார். "தம்பி, செய்தியிலை ரண்டு வரியை வெட்டு, இடைவெளியை வெட்டாதை. சனம் விளக்கு வெளிச்சத்திலை வாசிக்கிறது" என்பார். ஜாம் போத்தலில் பஞ்சும் சிறிது மண்ணெண்ணெயும் இட்டு எரித்த விளக்குகளின் காலம் அது. அவர் நாவலர் முகவுரையை மனதில் வைத்துப் பேசினாரா என்பது தெரியாது. ஆனால் இருவரும் சொன்னது ஒன்றே.

மீண்டும் ஏட்டுக்கா?

இவற்றை இப்போது எழுதக் காரணம் உண்டு. நம் நூல்கள் இரண்டாவது முறையாக இடம்பெயர்கின்றன. ஓலையிலிருந்து தாளுக்கு வந்தவை தாளிலிருந்து திரைக்குப் போகின்றன. 1998 தைப்பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களைத் தட்டெழுதி உலகெங்கும் இலவசமாகக் கொடுத்தது. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் பக்கம் பக்கமாக மின்வருடி வைத்துள்ளது. 1981ஆம் ஆண்டு மே 31 இரவில் எரியூட்டப்பட்ட யாழ்ப்பாண நூலகத்தில் சுமார் 97,000 நூல்களும் பல ஏடுகளும் அழிந்தன. எரிந்தவற்றுக்குப் பிரதி உலகில் எங்கேனும் உண்டா என்று தேடித் திரிந்த நமக்கு இப்பணிகளின் அருமை தனியே சொல்லத் தேவையில்லை.

ஆனால் ஓர் இடர் கண்முன் நிற்கிறது. மின்வருடிய பக்கத்தில் வடிவம் அப்படியே இருக்கிறது; அதற்குள் சொல்லைத் தேடுவது எளிதன்று. தட்டெழுதிய உரையில் தேடலாம். அதிலிருந்து வடிவம் எளிதில் கழன்றுவிடுகிறது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருந்ததை யூனிகோட்டுக்கு மாற்றும்போதும், ஒரு பக்கத்திலிருந்து வெட்டி இன்னொரு பக்கத்தில் ஒட்டும்போதும் அடி மடக்குகள் போகின்றன. வெண்பாவின் தனிச்சொல் அடுத்த அடியுடன் ஒட்டிக்கொள்கிறது. மூலமும் பதவுரையும் ஒரே எழுத்தில் கலந்து ஓடுகின்றன. பதிப்பாசிரியர் அடிக்குறிப்பில் தந்த பாடபேதம் மூலத்துக்குள் புகுந்துவிடுகிறது. தாமோதரம்பிள்ளை முறிந்த ஏட்டிலிருந்து பிரித்தெடுத்ததை நாம் இரண்டு விசைகளை அழுத்தி மீண்டும் சேர்த்துவிடுகிறோம். ஏட்டுக்காலத்தில் பிரித்துச் சொல்ல ஆசிரியர் இருந்தார். திரைக்கு முன்னால் இருக்கும் வாசகனுக்கு, அவன் ரொறன்ரோவில் இருந்தாலும் சிட்னியில் இருந்தாலும், அத்தகைய ஆசிரியர் அருகில் இல்லை.

இதற்கு வழி உண்டு; நிரல் எழுதுவோர் அதைக் காட்டிவிட்டனர். எழுத்தை மட்டும் தட்டாமல், இது மூலம், இது உரை, இது மேற்கோள், இது பாடபேதம், இது அடியின் முடிவு என்று உள்ளுக்குள்ளேயே குறித்து வைக்கவேண்டும். அவ்வாறு குறித்த ஒரே கோப்பிலிருந்து சிறுவருக்குச் சந்தி பிரித்தும், புலமையாளருக்குப் பிரிக்காமலும், தேடுபொறிக்கு வெறும் எழுத்தாகவும் வேண்டியபடி எடுத்துக்கொள்ளலாம். இத்தகைய குறியீட்டுக்கு 1987இல் தொடங்கிய பன்னாட்டு முயற்சியின் விதிமுறைகள் இருக்கின்றன. பொறுமையும் தமிழறிவும் உள்ள கைகளே தேவை. கருவி எதுவும் செம்பொன்னையும் செம்பையும் தானாகப் பிரித்தறியாது. அறிந்தவர் ஒருவர் சொல்லிவைக்கவேண்டும்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் வித்தியாநுபாலன யந்திரசாலைப் பதிப்போ, மானிப்பாய் அச்சோ, சுன்னாகத்து அச்சோ இருந்தால், அதைத் தட்டெழுத முன்பு முதலில் பக்கங்களைப் படமெடுத்து நூலகம் போன்ற ஓரிடத்தில் சேருங்கள். பிறகு தட்டெழுதும்போது அந்தப் படத்தை அருகில் வைத்து, அச்சுக்கோத்தவர் எங்கே வரியை மடக்கினாரோ அங்கே நீங்களும் மடக்குங்கள். அவர் பெயர் எந்நூலிலும் இராது. அவர் விட்ட இடைவெளியாவது இருக்கட்டும்.